பழைய காதலுக்குப் புதிய தடை: ரீஜென்சி நாவலை மறுபடி எழுதுவதற்கான முழு வழிகாட்டி

ரீஜென்சிக் காதல் நாவல் ஒன்றை மறுபடி எழுத உட்காருபவர்கள் முதலில் மாற்றுவது பெயர்களை. அப்புறம் மாளிகையை, ஊரை, நாயகியின் குணத்தை மாற்றுவார்கள். காதலர்களைப் பிரித்து வைத்திருக்கும் காரணத்தை மட்டும் மூலத்திலிருந்து அப்படியே எடுத்துக்கொள்வார்கள். பத்தாவது அத்தியாயம் வந்ததும் கதை நகராமல் நின்றுபோவது இதனால்தான். தடை பழையதாக இருந்தால் சம்பவங்களும் பழைய வரிசையில்தான் வரும். எனவே தடையை மாற்றுங்கள். அதையும் அந்தக் காலத்துச் சட்டத்திலிருந்தும் பணத்திலிருந்தும் எடுங்கள். மற்றவை அதைப் பின்தொடர்ந்து தானாக மாறும். இந்த வழிகாட்டி முழுவதும் அந்த ஒன்றைச் செய்வது எப்படி என்பதைப் பற்றியதுதான்.

ரீஜென்சி என்பது இங்கிலாந்தின் மூன்றாம் ஜார்ஜ் மன்னர் நோயுற்றதால் அவர் மகன் ஆட்சிப் பொறுப்பை ஏற்ற 1811 பிப்ரவரியில் தொடங்கி, மன்னர் இறந்த 1820 ஜனவரியில் முடிகிறது. ஒன்பது ஆண்டுகள்தான். அதற்குள் நெப்போலியனோடு போர், சமாதானம், மறுபடி போர், வாட்டர்லூ, வட்டார வங்கிகளின் சரிவு எல்லாம் நடந்து முடிந்துவிடுகின்றன. விருந்தும் நடனமும் மட்டும் எழுதுபவர்கள் இத்தனையையும் வீணாக்குகிறார்கள்.

எடுத்துக்காட்டுக்கு ஜேன் ஆஸ்டனின் 'பெர்சுவேஷன்' நாவலை எடுத்துக்கொள்வோம். ஆஸ்டன் 1817 ஜூலையில் இறந்தார்; நாவல் அந்த டிசம்பரில் வெளிவந்தது. கதை சுருக்கமாக: ஆன் எலியட் என்ற பிரபுக் குடும்பத்துப் பெண், 1806-இல் கையில் காசில்லாத கடற்படை அதிகாரி ஃபிரெடரிக் வென்ட்வொர்த்தை மணக்கச் சம்மதிக்கிறாள். தாயின் ஸ்தானத்தில் இருக்கும் லேடி ரஸ்ஸல் பேசிப் பேசி அதை முறிக்க வைக்கிறார். எட்டு ஆண்டு கழித்து, 1814-இல், அவன் பணக்காரக் கேப்டனாகத் திரும்பி வருகிறான்.

மறுபுனைவுக்கு இந்த நாவல் தோதானது. தேதிகள் தெளிவாக இருக்கின்றன, சம்பவங்கள் குறைவு. அதோடு, ஆஸ்டன் தன் உச்சக்கட்டத்தைத் தானே அடித்துத் திருத்தி எழுதிய கையெழுத்துப் பிரதியும் பிழைத்திருக்கிறது. அதைப் பற்றிப் பின்னால் பார்ப்போம்.

படி 1: மூலத்தை மூன்று முறை படியுங்கள்

முதல் வாசிப்பு கதைக்காக. குறிப்பு எதுவும் எடுக்க வேண்டாம். இரண்டாவது வாசிப்பில் ஒரு பேரேடு போடுங்கள். தேதி, இடம், தூரம், பணம் என்று நான்கு நெடுவரிசை போதும். ஆனின் வீடான கெலிஞ்சிலிருந்து அவள் தங்கை வாழும் அப்பர்கிராஸ் மூன்று மைல். அங்கிருந்து லைம் துறைமுகம் பதினேழு மைல். கெலிஞ்சிலிருந்து பாத் நகரம் ஐம்பது மைல். வென்ட்வொர்த்தின் சொத்து 25,000 பவுண்டு. ஆன் பிறந்தது 1787 ஆகஸ்ட் 9. இப்படி எழுதிவரும்போதே, ஆஸ்டன் தூரத்தைக் கதைக்கு எப்படிப் பயன்படுத்துகிறார் என்பது புலப்படும். மூன்று மைல் நடந்து போனாலே பேச்சும் கவலைகளும் முற்றிலும் வேறாகிவிடுகின்றன.

மூன்றாவது வாசிப்புதான் அதிகப் பலன் தருவது. ஒவ்வொரு அத்தியாயத்தின் முடிவிலும் நின்று, எந்தப் பாத்திரத்துக்கு எது தெரியும், எது தெரியாது என்று எழுதுங்கள். ஆனுக்கும் வென்ட்வொர்த்துக்கும் நிச்சயமாகியிருந்தது என்பது அப்பர்கிராஸில் யாருக்கும் தெரியாது. அந்த ஒரு ரகசியம்தான் சாதாரண விருந்துப் பேச்சுக்குக்கூட வலியைக் கொடுக்கிறது. இந்த அட்டவணையை வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கதைக்கும் கடைசியில் இதே போல ஒன்று தேவைப்படும்.

படி 2: சம்பவங்களை விட்டுவிட்டு அவை செய்யும் வேலையை எடுங்கள்

லைம் துறைமுகத்தின் கல்சுவரிலிருந்து, வென்ட்வொர்த்தோடு ஊர் ஜோடி சேர்க்கும் லூயிசா குதித்து விழுந்து மூர்ச்சையாவது ஒரு சம்பவம். அந்தச் சம்பவம் செய்கிற வேலை வேறு: எல்லோரும் கைபிசைந்து நிற்கும்போது ஆன் மட்டும் நிதானமாக நடந்துகொள்கிறாள், அதை வென்ட்வொர்த் கண்ணால் பார்க்கிறான். மறுபுனைவுக்கு வேண்டியது இந்த வேலை மட்டும்தான். விழுவது வேண்டாம், துறைமுகமும் வேண்டாம்.

'பெர்சுவேஷ'னில் இப்படிக் கழற்றி எடுத்தால் ஆறு தூண்கள் மிஞ்சும். ஒரு பழைய முறிவு. காதலனை மறுபடி நாயகியின் வீட்டருகே கொண்டுவரும் ஓர் ஏற்பாடு (மூலத்தில் அவனுடைய அக்காவும் கணவரும் கெலிஞ்சை வாடகைக்கு எடுக்கிறார்கள்). காதலனை வேறொரு பெண்ணோடு கட்டிப்போடும் ஊர்ப்பேச்சு. நாயகியின் திறமை வெளிப்படும் நெருக்கடி. பார்த்தால் குறையே சொல்ல முடியாத ஓர் எதிர்மாப்பிள்ளை. கடைசியாக, நாயகி தன் மனத்தைத் தானே வெளிப்படுத்தும் செயல். இந்த ஆறையும் வைத்துக்கொள்ளுங்கள். இவற்றை நிரப்பியிருக்கும் சம்பவங்கள் ஒன்றுகூட வேண்டாம். ஒரு தூணை எடுத்துவிட்டால் அதே எடையுள்ள இன்னொன்றை வைத்தாக வேண்டும். இல்லாவிட்டால் நடுப்பகுதி தொய்ந்துவிடும்.

கதையை நாடு கடத்துவது இன்னொரு வழி. 2000-இல் வந்த 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' திரைப்படம் ஆஸ்டனின் இன்னொரு நாவலைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தது. இங்கே நாம் இங்கிலாந்தை விட்டு நகரவில்லை.

படி 3: புதிய தடையைத் தேடுங்கள்

வேலையில் பாதி இதுதான். அவசரப்படாதீர்கள்.

மூலத்தின் தடை வற்புறுத்தல். அதை எடுத்துவிட்டு இன்னொரு அத்தை வற்புறுத்துவதாக எழுதினால் எதுவும் மாறாது. அந்தக் காலத்துச் சட்டத்தில் திருமணம் என்பது ஒரு பெண்ணின் சொத்துக்கும் கடனுக்கும் என்ன செய்தது என்று பாருங்கள். கணவனும் மனைவியும் சட்டத்தின் கண்ணில் ஒரே ஆள். அவளுடைய ரொக்கமும் நகையும் பொருள்களும் அவனுக்குப் போய்விடும். பலர் கவனிக்காத மறுபக்கமும் உண்டு: திருமணத்துக்கு முன் அவள் பட்ட கடனுக்கும் அவனே பொறுப்பு. கட்ட முடியாவிட்டால் கடனாளிச் சிறைக்குப் போவதும் அவன்தான்.

இந்த ஒரு விதியிலிருந்து ஒரு முழு நாவலை எடுக்கலாம். எடுத்துக் காட்டுகிறோம்.

டோர்செட் மாவட்டத்தின் பிரிட்போர்ட், கயிறும் வலையும் கப்பல்பாய்த் துணியும் செய்யும் ஊர். கடற்படைக்கு நெடுங்காலமாகக் கயிறு கொடுத்த ஊர். அங்கே ஒரு சிறு வட்டார வங்கி இருப்பதாகக் கற்பனை செய்வோம். அன்றைய சட்டப்படி இப்படிப்பட்ட வங்கியில் ஆறு கூட்டாளிகளுக்கு மேல் இருக்கக் கூடாது. வங்கியின் கடனுக்கு ஒவ்வொரு கூட்டாளியின் சொந்தச் சொத்து முழுவதும் ஈடு. 1806-இல் வங்கியின் உரிமையாளர் இறக்கிறார். பங்கு, 21 வயது மகள் ஹெஸ்டர் லேனுக்கு வருகிறது. பேரேட்டைப் புரட்டியவளுக்கு ஒரு பெரிய ஓட்டை தெரிகிறது: மூழ்கிப்போன கப்பல் ஒன்றுக்குக் கொடுத்த கடனை அப்பா மறைத்து வைத்திருக்கிறார். அவளுக்கு அப்போது இளம் கடற்படை மருத்துவன் ஜேம்ஸ் கார்விக்கோடு நிச்சயமாகியிருக்கிறது. மணந்தால் வங்கியின் கடன் அவன் தலையில் விழும். காரணத்தை அவனிடம் சொன்னால் செய்தி கசியும். கசிந்தால், வங்கி தன் பெயரில் வெளியிட்ட நோட்டுகளை வைத்திருப்பவர்கள் எல்லோரும் பணம் கேட்டு அடுத்த நாளே வாசலில் நிற்பார்கள். காரணம் சொல்லாமல் முறிக்கிறாள். தன் ஏழ்மையைப் பார்த்து விலகினாள் என்று அவன் நினைக்கிறான்.

ஒரு பெண் வங்கிக் கூட்டாளியா என்று வாசகர் கேட்டால் பதில் இருக்கிறது. லண்டனின் சைல்டு வங்கியில் ஜெர்சி சீமாட்டி 1806 முதல் தலைமைக் கூட்டாளியாக இருந்தார். அல்மாக்ஸ் நடன மண்டபத்துக்குள் யார் நுழையலாம் என்று தீர்மானித்த அதே சீமாட்டிதான்.

நீங்கள் கண்டுபிடிக்கும் தடை எதுவானாலும் மூன்று கேள்வி கேளுங்கள். இருவரும் ஒரு மணி நேரம் மனம் விட்டுப் பேசினால் அது தீர்ந்துவிடுமா? தீரும் என்றால் அது வெறும் மனத்தாங்கல். ஹெஸ்டர் உண்மையைச் சொல்லிவிட்டாலும் சட்டம் மாறாது. இரண்டாவது, நாயகியின் முடிவு சரியா தவறா என்று இரண்டு வாசகர்கள் சண்டை போட முடியுமா? மூலத்தில் ஆன் கடைசியில்கூட, அறிவுரை தவறாக இருந்தாலும் அதற்குப் பணிந்தது சரியே என்கிறாள். அந்தக் குழப்பத்தை நீக்கிவிட்டால் கதை தட்டையாகும். மூன்றாவது, காலம் போகப்போகத் தடை வளர்கிறதா, வெறுமனே நிற்கிறதா?

மூன்றாவது கேள்விக்கு இந்தக் கதை தரும் விடைதான் இதை எழுதத் தகுந்ததாக்குகிறது. போர் நடக்கும் வரை கடற்படை கயிறு வாங்கும். கயிறு செய்பவர்கள் கடனைத் திருப்புவார்கள். ஹெஸ்டர் எட்டு ஆண்டில் ஓட்டையைக் கிட்டத்தட்ட அடைத்துவிடுகிறாள். 1814 ஏப்ரலில் நெப்போலியன் பதவி துறக்கிறான். கப்பல்கள் கரைக்கு வருகின்றன, கொள்முதல் நிற்கிறது. ஜேம்ஸை வீட்டுக்கு அனுப்பும் அதே சமாதானம் அவள் வங்கியைச் சாய்க்கிறது. 1814 முதல் 1816 வரை இங்கிலாந்தில் வட்டார வங்கிகள் வரிசையாக விழுந்தன. ஆஸ்டனின் அண்ணன் ஹென்றியின் வங்கியும் 1816 மார்ச்சில், தங்கை 'பெர்சுவேஷ'னை எழுதிக்கொண்டிருந்த நாட்களிலேயே, விழுந்தது.

படி 4: பாத்திரங்களுக்கு முதலில் வருமானம், பிறகு முகம்

கண்ணின் நிறத்தை எழுதுமுன் ஒவ்வொருவரின் ஆண்டு வருமானத்தையும் அது எங்கிருந்து வருகிறது என்பதையும் எழுதுங்கள். கணக்கு எளிது: அரசுப் பத்திரத்தில் போட்ட முதலுக்கு நான்கிலிருந்து ஐந்து விழுக்காடு. 25,000 பவுண்டு என்றால் ஆண்டுக்கு 1,000 முதல் 1,250 வரை. கடன் வட்டி ஐந்து விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று சட்டம் இருந்தது. அதனால் ஹெஸ்டர் வட்டியை ஏற்றி நஷ்டத்தை ஈடுகட்ட வழியில்லை.

ஜேம்ஸை ஏன் கேப்டன் ஆக்கவில்லை? கேப்டன் எதிரிக் கப்பலைப் பிடித்தால் அதன் விலையில் பெரும் பங்கு அவருக்கு. அப்படி ஒருவர் பணக்காரராகத் திரும்பி வந்தால் வங்கியைக் காப்பாற்றிவிடுவார், கதை முடிந்துவிடும். மருத்துவருக்குக் கிடைப்பது அற்பம். ஆகவே அவனால் அவளைப் பணத்தால் மீட்க முடியாது. மருத்துவரை மிஸ்டர் என்றுதான் அழைப்பார்கள், டாக்டர் என்று அல்ல. அறுவை மருத்துவர்களுக்கு அன்று அதுதான் மரபு. நல்ல குடும்பங்கள் அவனை விருந்துக்கு அழைக்கும், பெண் கொடுக்கத் தயங்கும்.

அவன் எட்டு ஆண்டும் எங்கே இருந்தான்? கீழ்த்திசைக் கடற்படையில், சென்னைக்கும் திருகோணமலைக்கும் இடையே. அலங்காரத்துக்காக அல்ல, கடிதத்துக்காக இந்த இடம். நன்னம்பிக்கை முனையைச் சுற்றி வரும் கப்பலில் ஒரு கடிதம் போய்ச் சேர நான்கிலிருந்து ஆறு மாதம் ஆகும். பதில் வர அதே அளவு. ஆஸ்டன் குடும்பத்துக்கும் இந்தக் கரை புதிதல்ல: அவருடைய அத்தை ஃபிலடெல்ஃபியா மாப்பிள்ளை தேடிக் கப்பலேறி, 1753-இல் கடலூரில் கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர் ஒருவரை மணந்தார்.

காதலனைக் கட்டிப்போடும் பெண் மூலத்தில் துடுக்கான இளம்பெண். இங்கே அவளை விதவையாக்குங்கள். சென்னையில் கணவனை இழந்த திருமதி ஓல்ட்ஃபீல்ட், ஜேம்ஸ் வந்த அதே கப்பலில் ஆறு மாதம் பயணம் செய்து வருகிறாள். ஊர் இருவரையும் ஜோடி சேர்த்துவிடுகிறது. அன்றைய ஒழுங்கில் ஆண் நிச்சயத்தை முறிக்கக் கூடாது, பெண் முறிக்கலாம். ஊர் நம்பிவிட்டால் மானமுள்ள ஆண் வாயைத் திறக்க முடியாது. மூலத்தில் லூயிசா வேறொருவரை விரும்பிவிடுவதால் முடிச்சு அவிழ்கிறது. அது ஒரு சௌகரியம். உங்கள் கதையில் பணத்தால் அவிழுங்கள்: கம்பெனி அதிகாரியின் விதவைக்கு வரும் ஓய்வூதியம் மறுமணத்தோடு நின்றுவிடும். அவளுக்கு மணம் செய்ய விருப்பமே இல்லை. ஆனால் ஒரு மாப்பிள்ளை இருப்பதாக ஊர் நம்புவது மற்ற தொல்லைகளிலிருந்து அவளைக் காக்கிறது. அவளுக்கும் ஒரு நியாயம் கிடைத்துவிட்டது.

எதிர்மாப்பிள்ளையைக் கெட்டவனாக்காதீர்கள். பெரும்பாலான மறுபுனைவுகள் இங்கேதான் வழுக்குகின்றன. மூலத்தின் வில்லியம் எலியட் கடைசியில் வேஷதாரி என்று தெரிந்துவிடுகிறது. அதனால் ஆனுக்குத் தேர்வு எளிதாகிவிடுகிறது. உங்கள் கதையில், ஹெஸ்டரின் வங்கிக்கு லண்டனில் முகவராக இருக்கும் வங்கியைச் சேர்ந்த மிஸ்டர் ஃபென் நேர்மையானவர், பணக்காரர், ஹெஸ்டரின் கணக்குத் திறமையை மனமார மதிப்பவர். அவரை மணந்தால் வங்கி பிழைக்கும், நோட்டு வைத்திருக்கும் வலைக்காரர்களின் சேமிப்பும் பிழைக்கும். அவரை மறுப்பதற்கு அவள் விலை கொடுக்க வேண்டும்.

படி 5: திருப்பங்களை அடுக்குங்கள்

மூலம் 24 அத்தியாயம், பன்னிரண்டு பன்னிரண்டாக இரண்டு பாகம். அதே அளவை வைத்துக்கொள்ளலாம். தமிழில் அத்தியாயத்துக்கு 1,800 சொல் என்றால் மொத்தம் 43,000-ஐ ஒட்டி வரும். தொடராக வெளியிடவும் ஏற்ற அளவு.

முதல் நான்கு அத்தியாயத்தில் வங்கி, அவள் வாழ்க்கை, அவன் திரும்பும் செய்தி. ரகசியத்தை வாசகருக்கு எப்போது சொல்வது? மூன்றாம் அத்தியாயத்துக்குள் சொல்லிவிடுங்கள். கடைசி வரை மறைத்தால் ஒரு திடுக்கிடல் மட்டும் மிஞ்சும். முன்பே சொன்னால், ஜேம்ஸ் பேசும் ஒவ்வொரு கசப்பான வாக்கியத்தையும் வாசகர் ஹெஸ்டரோடு சேர்ந்து பொறுத்துக்கொள்வார்.

ஆறாம் அத்தியாயத்தில் முதல் சந்திப்பு. பன்னிரண்டில் நெருக்கடி. பதினெட்டில் வரலாறு உள்ளே நுழையட்டும்: நெப்போலியன் எல்பா தீவிலிருந்து தப்பிய செய்தி 1815 மார்ச் 10 வாக்கில் லண்டனை எட்டுகிறது. ஊரில் கயிற்றுக்கு மறுபடி கிராக்கி வரும், கடன் திரும்பும், வங்கி பிழைக்கலாம். அதே செய்தி ஜேம்ஸைக் கப்பலுக்குத் திருப்பி அழைக்கும். ஒரே நாளிதழ், இரண்டு விளைவு. இப்படிப்பட்ட திருப்பத்தை நீங்கள் கண்டுபிடிக்க வேண்டியதே இல்லை. உங்கள் தடை சரியாக இருந்தால் வரலாறே கொண்டுவந்து தரும்.

தற்செயல்களை ஒரு விதிக்குள் வையுங்கள்: சிக்கலை உண்டாக்கத் தற்செயலைப் பயன்படுத்தலாம், அவிழ்க்கக் கூடாது. தொலைந்த கடிதம் வேண்டுமா? 1840-க்கு முன் தபால் கூலியைப் பெறுபவரே கொடுப்பார். லண்டனிலிருந்து பிரிட்போர்ட் ஏறத்தாழ 135 மைல். அந்தத் தூரத்துக்கு 1808-இல் ஒரு தாளுக்கு ஒன்பது பென்ஸ், இரண்டு தாளுக்குப் பதினெட்டு. கடல் கடந்து வந்தால் அதற்கும் மேலே கூலி. முதல் அத்தியாயத்திலேயே மெழுகுவத்தியின் நுனிகளைச் சேர்த்துவைக்கும் ஒரு சித்தியைக் காட்டிவிடுங்கள். 1808-இல் சென்னையிலிருந்து வந்த கனத்த கடிதத்தைக் கூலி கொடுக்க மனமில்லாமல் அவள் திருப்பியனுப்பினாள் என்றால் அது தற்செயல் இல்லை, அவள் குணம். ஆனால் முறிந்த பிறகு ஜேம்ஸ் ஹெஸ்டருக்கு நேரடியாக எழுதியிருக்க முடியாது. நிச்சயமாகாத ஆணும் பெண்ணும் கடிதம் எழுதிக்கொள்வது தகாத செயல். அவன் தன் அக்காவுக்கு எழுதி, அக்கா தன் உறையில் வைத்து அனுப்பியதாக அமையுங்கள். உறையும் ஒரு தாளாகக் கணக்கில் சேர்ந்து கூலியை ஏற்றும். சித்திக்கு இன்னும் ஒரு காரணம்.

படி 6: நெருக்கடியைக் கிட்டே போய் எழுதுங்கள்

நம் கதையில் நெருக்கடி, வங்கி வாசலில் பணம் கேட்டு மொய்க்கும் கூட்டம். எப்படி எழுதலாம் என்பதற்கு ஒரு துண்டு:

*ஒன்பது மணிக்குக் கதவைத் திறந்தபோது பதினோரு பேர் நின்றார்கள். முதலில் வந்தவர் வலைக்காரர் ஒருவர். கையில் நான்கு ஒரு பவுண்டு நோட்டு, மழைக்குப் பயந்து தொப்பிக்குள் வைத்திருந்தார். "தப்பா நினைக்காதீங்க மிஸ் லேன்," என்றார். ஹெஸ்டர் ஒன்றும் நினைக்கவில்லை. நோட்டை விளக்கருகே பிடித்து இலக்கத்தைப் பார்த்தாள், பேரேட்டில் தேடினாள், எழுதினாள், மணல் தூவினாள். பிறகு வெள்ளிக்காசாக எண்ண ஆரம்பித்தாள். அறுபதாவது காசில் நிறுத்தி, "எண்ணிக்கை விட்டுப்போச்சு, மன்னிக்கணும்," என்று முதலிலிருந்து தொடங்கினாள். கூட்டத்தின் பின்னால் நின்ற ஜேம்ஸுக்கு அவள் எண்ணிக்கை விடுகிறவள் இல்லை என்பது தெரியும்.*

இதில் உணர்ச்சிச் சொல் ஒன்றுகூட இல்லை. அவள் ஏன் மெதுவாக எண்ணுகிறாள் என்பதுதான் காட்சி. லண்டன் முகவரிடமிருந்து இங்கிலாந்து வங்கியின் நோட்டுகள் வர, நல்ல குதிரை மாற்றி ஓட்டினாலும் போக வர இரண்டு நாள் வேண்டும். அதுவரை கதவு மூடாமல் இருக்க வேண்டும். 1797 முதல் 1821 வரை இங்கிலாந்து வங்கியே தன் நோட்டுக்குத் தங்கம் கொடுக்கவில்லை. எனவே மூட்டை மூட்டையாகத் தங்க நாணயம் வந்து இறங்குவதாக எழுதிவிடாதீர்கள். மெதுவாக எண்ணுவது, ஊர்ப் பெரியவர்கள் கையெழுத்திட்டு "இந்த வங்கியின் நோட்டை நாங்கள் வாங்குவோம்" என்று நாளிதழில் அறிவிப்பது, இவை அன்றைய உத்திகள். அந்த அறிவிப்பில் முதல் கையெழுத்து யாருடையது என்பதில் ஒரு முழு அத்தியாயம் இருக்கிறது.

கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். எட்டு ஆண்டுப் பழைய நெருக்கம் முழுவதும் அதில் வந்துவிடுகிறது. நினைவலைகளாக இரண்டு பக்கம் தேவையில்லை. ஒவ்வொரு பெரிய காட்சியிலும் இப்படி ஒருவர் மட்டும் அறிந்த ஒன்றை வையுங்கள்.

படி 7: உச்சக்கட்டத்தை நாயகியிடம் கொடுங்கள்

இங்கே ஆஸ்டனே நமக்கு வாத்தியார். 1816 ஜூலை 18-இல் அவர் நாவலை ஒரு முறை முடித்தார். அந்த வடிவில், வென்ட்வொர்த்தின் அக்கா கணவர் அட்மிரல் கிராஃப்ட் தன் வீட்டில் வென்ட்வொர்த்தை ஆனிடம் ஒரு சங்கடமான கேள்வி கேட்க வைக்கிறார். அந்தச் சாக்கில் இருவரும் சேர்ந்துவிடுகிறார்கள். ஆஸ்டனுக்கு அது திருப்தி தரவில்லை. ஆகஸ்ட் 6-க்குள் மாற்றி எழுதினார். புதிய வடிவில், பாத் நகரின் ஒயிட் ஹார்ட் விடுதியில் ஆன், ஆணின் அன்பா பெண்ணின் அன்பா, எது நீடிப்பது என்று வென்ட்வொர்த்தின் நண்பன் கேப்டன் ஹார்வில்லோடு பேசுகிறாள். அருகே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கும் வென்ட்வொர்த் கேட்கிறான். கடிதம் எழுதி அவள் முன் வைத்துவிட்டுப் போகிறான். கைவிடப்பட்ட அத்தியாயங்களின் கையெழுத்துப் பிரதி பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. இரண்டு வடிவையும் அருகருகே வைத்துப் படித்தால், மூன்றாம் மனிதர் தள்ளிவிடுவதை எடுத்துவிட்டு நாயகியின் சொந்தச் சொல்லை அந்த இடத்தில் வைத்திருப்பது தெரியும்.

அந்தக் காட்சியை நகலெடுக்காதீர்கள். அந்தத் திருத்தத்தைப் பின்பற்றுங்கள். ஹெஸ்டரின் தடை கடன். ஆகவே அவளுடைய செயலும் கடனில்தான் நடக்க வேண்டும். ஃபென்னை மறுக்கிறாள். கயிற்றுக்கு விலை ஏறிய அந்தச் சில வாரங்களைப் பயன்படுத்தி, ஒவ்வொரு நோட்டையும் திரும்ப வாங்கி, வங்கியைத் தானே மூடுகிறாள். வீடு போய்விடுகிறது, கடனும் போய்விடுகிறது. அன்று ஒரு பெண் வாய் திறந்து 'என்னை மணந்துகொள்' என்று கேட்டால் வாசகர் நம்ப மாட்டார். ஆனால் கணக்கு முடித்த பேரேட்டை ஜேம்ஸின் அக்கா வீட்டு மேஜையில் திறந்து வைத்துவிட்டுப் போகலாம். 1806-இன் பக்கத்தில், அப்பாவின் கையெழுத்தில் இருக்கும் கடனையும், அதைக் கண்டுபிடித்த அன்று ஹெஸ்டர் பக்கத்தில் குறித்த தேதியையும் அவன் பார்க்கட்டும். முறிவுக்கு ஒரு வாரம் முந்தைய தேதி.

படி 8: காலப் பிழைகளைக் களையுங்கள்

உரசித் தீக்குச்சி 1820-களின் பிற்பகுதியில்தான் வந்தது; 1814-இல் சிக்கிமுக்கிப் பெட்டி. ஸ்டெதாஸ்கோப்பை லென்னெக் 1816-இல் உருவாக்கினார், அதுவும் பாரிஸில். ஜேம்ஸ் காதை மார்பில் வைத்துத்தான் கேட்பான். மயக்க மருந்து 1846 வரை இல்லை. வால்ஸ் நடனம் 1816-இல் இளவரசர் விருந்தில் ஆடப்பட்டபோதே 'டைம்ஸ்' நாளிதழ் கண்டித்தது. ஆகவே பிரிட்போர்ட் மண்டபத்தில் 1814-இல் ஆடவைக்காதீர்கள். வரிசை நடனம் போதும்.

திருமணச் சட்டம்: 21 வயது நிரம்பாதவர் உரிமம் பெற்று மணக்கப் பெற்றோர் சம்மதம் வேண்டும், அல்லது தேவாலயத்தில் மூன்று ஞாயிறு அறிவிப்பு. எந்த இடத்திலும் எந்த நேரத்திலும் மணக்க அனுமதிக்கும் சிறப்பு உரிமம் தருபவர் கேன்டர்பரி பேராயர் ஒருவரே. அது இல்லாதவர்களுக்குக் காலை எட்டிலிருந்து நண்பகலுக்குள் தேவாலயத்தில்தான் திருமணம், மாலைத் தோட்டத்தில் அல்ல. விவாகரத்துக்கு நாடாளுமன்றத்தின் தனிச் சட்டம் தேவைப்பட்டது.

பட்டங்கள் அதிகம் தடுமாற வைப்பவை. ஆனின் அப்பா சர் வால்டர் எலியட்டை சர் வால்டர் என்பார்கள், சர் எலியட் என்று ஒருபோதும் இல்லை. மூத்த மகள் மிஸ் எலியட். இளையவள் மிஸ் ஆன் எலியட். கதைக்கு மூன்று கோமகன்களை இறக்காதீர்கள். நாட்டிலேயே அவர்கள் மிகச் சிலர்தான். ஒருவர் வந்தாலே சிறு ஊரின் கணக்கு கெட்டுவிடும்.

தமிழில் எழுதும்போது காதலர்கள் இருவரும் நீங்கள் என்றே பேசட்டும். கணவன் மனைவியரும் பெரும்பாலும் அப்படியே. அவன் அவளை நீ என்று அழைக்கும் முதல் இடத்தைக் கடைசி அத்தியாயத்துக்காகச் சேமித்து வையுங்கள். நடுவில் தவறி விழுந்த 'நீ' ஒன்று இருந்தாலும் தேடிப்பிடித்து மாற்றுங்கள்.

மேற்கிந்தியத் தீவுகளில் சொத்து என்று யாருக்காவது எழுதினால் அது அடிமைகளின் உழைப்பு. அடிமை வணிகம் 1807-இல் தடைசெய்யப்பட்டது. அடிமைமுறையை ஒழிக்கும் சட்டம் 1833-இல்தான் வந்தது. மூலத்திலேயே ஆனின் பழைய தோழி திருமதி ஸ்மித்துக்கு அங்கே சொத்து இருக்கிறது. நீங்கள் அதைத் தொட்டால் நேராகப் பார்த்து எழுதுங்கள்.

படி 9: உரிமையும் கடைசித் திருத்தமும்

ஆஸ்டனின் நாவல்கள் யாருக்கும் பொது. ஆனால் அவற்றின் திரை வடிவங்களில் புதிதாகச் சேர்த்த காட்சிகள், நவீனப் பதிப்புகளின் அடிக்குறிப்புகள், வெளிவந்திருக்கும் தமிழ் மொழிபெயர்ப்புகள் உரிமைக்கு உட்பட்டிருக்கலாம். இந்தியாவில் ஆசிரியர் இறந்து 60 ஆண்டு, பிரிட்டனில் 70 ஆண்டு வரை உரிமை நிற்கும். நாவலில் இருப்பதா, திரையில் பார்த்ததா என்று சந்தேகம் வந்தால் மூலத்தைத் திறந்து தேடுங்கள். வென்ட்வொர்த், எலியட் போன்ற பெயர்களை விட்டுவிடுவது நல்லது. பழைய பெயர் இருந்தால் வாசகர் பழைய சம்பவத்தை எதிர்பார்ப்பார்.

எழுதி முடித்ததும் படி ஒன்றில் போட்டது போல உங்கள் கதைக்கும் இரண்டு அட்டவணை போடுங்கள். முதலாவதில் தேதி, தூரம், பணம்: 135 மைல் பயணத்தை ஒரு மதியத்தில் முடித்திருக்கிறீர்களா, கடிதம் ஆறு மாதத்துக்குப் பதில் ஆறு வாரத்தில் வந்துவிட்டதா என்பது இங்கே அகப்படும். இரண்டாவதில் யாருக்கு எது எப்போது தெரியும். தனக்குத் தெரியாத ஒன்றை வைத்து ஒரு பாத்திரம் கோபப்பட்டாலோ மன்னித்தாலோ அந்தக் காட்சியை மறுபடி எழுத வேண்டும். வேலை நடுப்பகுதியில்தான் அதிகம் இருக்கும். பத்திலிருந்து பதினைந்து வரையிலான அத்தியாயங்களை முதலில் எடுத்துச் சரிபாருங்கள்.